சட்டைப் பையும் ஊழியப் பையும்

கேள்வி: அண்ணாச்சி, எந்தச் சபையோடும் சேராத ஒரு தனி ஊழியத்தில் ஆறு வருஷமாக உதவி செய்கிறேன். வாரத்தில் மூன்று ராத்திரி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் போர்வையும் கொடுத்து, ஜெபித்து, கைப்பிரதியும் கொடுத்துவிட்டு வருவோம். காணிக்கை எல்லாம் ஊழியத்தை நடத்துகிற பிரதருடைய சொந்த ஜிபே நம்பருக்குத்தான் வரும். கணக்கு என்று ஒன்றை இதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. போன மாதம் மெதுவாகக் கேட்டேன். "கணக்கு கர்த்தர்கிட்ட இருக்கு. அபிஷேகம் பண்ணப்பட்டவங்களத் தொடக்கூடாது" என்றார். அவர் திருடுகிறார் என்று நான் சொல்லவில்லை. கேட்டது பாவமா?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: பாவமில்லை, தங்கச்சி. திருட்டு என்று நீங்கள் சொல்லாததால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். இது பெரும்பாலும் திருட்டில் தொடங்குவதில்லை.

எங்கள் ஊர்ச் சபையில் நான் பதினோரு வருஷம் பொருளாளர். பொறுப்புக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடியும்போது நல்ல மழை. காணிக்கை எண்ண என்னோடு ஒருவரும் நிற்கவில்லை. நானே எண்ணி, துண்டுச் சீட்டில் தொகையைக் குறித்து, சீட்டையும் பணத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதே பையில் என் பணமும் இருந்தது. டிக்கெட் எடுத்தேன். இறங்கி வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். ராத்திரி எடுத்துப் பார்த்தால் சீட்டு நனைந்து மை ஊறிப்போயிருக்கிறது. 1,840ஆ, 1,340ஆ? எட்டா மூன்றா என்று விளக்கடியில் பிடித்துப் பார்த்தும் தெரியவில்லை. கூடுதல் தொகையையே கட்டினேன். ஆனால் அந்த ஐந்நூறு யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருட நினைக்காதவனுக்கே இந்தக் கதி.

உங்கள் பிரதரின் ஜிபே அந்தச் சட்டைப் பைதான். பிள்ளையின் ஸ்கூல் பீஸ், காஸ் சிலிண்டர், அறுபது பொட்டலம் எல்லாம் ஒரே கணக்கிலிருந்து போகும்போது, எது யார் பணம் என்று அவராலேயே சொல்ல முடியாது. கேட்டால் கோபம் வருவது அதனால்தான் என்பது என் அனுமானம்.

"தொடாதே" என்ற வசனம் 105-ம் சங்கீதத்தில் இருக்கிறது. முன்பின் நாலு வசனம் சேர்த்து வாசியுங்கள். நாடு நாடாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொன்ன வார்த்தை அது. நோட்டுப் புத்தகம் கேட்ட தங்கச்சியைப் பற்றி அங்கே ஒன்றுமில்லை.

அடுத்து அவர் 2 இராஜாக்கள் 12:15-ஐ எடுக்கக்கூடும். ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் வாங்கியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று அதில் இருக்கிறது. அதே அதிகாரத்தை மேலிருந்து படிக்கச் சொல்லுங்கள். யோவாஸ் ராஜாவின் 23-ம் வருஷம் வரை பணம் ஆசாரியர்கள் கைக்கே போனது, ஆலயம் பழுதாகவே கிடந்தது. பிறகுதான் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பெட்டியில் பணம் சேர்ந்ததும் எண்ண வந்தவர்கள் ராஜாவின் சம்பிரதி, அதாவது எழுத்தன், ஒருவன், பிரதான ஆசாரியன் ஒருவன். இரண்டு பேர், அதிலும் ஒருவன் ஆலயத்துக்கு வெளியே இருந்து வந்த ஆள். இவ்வளவும் நடந்த பிறகு வருகிறது அந்த 15-ம் வசனம்.

விசுவாச ஊழியம் என்றாலே நம் ஆட்கள் ஜார்ஜ் முல்லரைத்தான் சொல்வார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அத்தனை அநாதைப் பிள்ளைகளை வளர்த்தும், மனுஷரிடம் பணம் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர். அந்த மனுஷர் காணிக்கை கொடுத்தவர்களுக்கு எண் போட்ட ரசீது கொடுத்தார், வருஷா வருஷம் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார். கேட்காமல் இருந்ததை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

இனிச் செய்ய வேண்டியது. போன ஆறு வருஷத்தைக் கிளறாதீர்கள், அவராலும் முடியாது. "அண்ணே, அடுத்த மாசத்துல இருந்து நோட்டு நான் எழுதட்டுமா?" என்று கேளுங்கள். ஊழியத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. நோட்டில் ஒரு ராத்திரி இப்படி இருக்கும்: பொட்டலம் 60, ஒன்று 40 ரூபாய், ஆக 2,400, மெஸ் பில் ஒட்டியிருக்கிறது. ஆட்டோ 180. ஒரு தாத்தாவுக்கு மருந்துக்கு 200, பில் இல்லை, கூட நின்ற இரண்டு பேரின் இனிஷியல். தெருவில் எல்லாவற்றுக்கும் பில் கிடைக்காது, அதனால்தான் இரண்டு இனிஷியல்.

கணக்குக்குப் பதிலாக, சாப்பிடுகிறவரின் முகத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒருவர் கையில் ஒரு பொட்டலம் இருக்கிறது, அவ்வளவுதான் அதில் தெரியும். எவ்வளவு வந்தது, எவ்வளவு மீதி என்று அதில் எங்கே இருக்கிறது?

பிற்பாடு டிரஸ்ட் பதிவு செய்வார்கள் என்றால் டிரஸ்டிகள் யார் என்று பாருங்கள். கணவன், மனைவி, மைத்துனர் என்றால் கையெழுத்து மூன்று, அடுப்பு ஒன்று.

எதற்கும் அவர் சம்மதிக்காவிட்டால் ராத்திரி ஊழியத்தை விடாதீர்கள், பணமாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். உங்கள் காணிக்கையை நேராக மெஸ்காரரிடம் கட்டிப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் மகன் லண்டனில் இருக்கிறான், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டான். எங்கள் ஊரில் வீதி ஊழியம் செய்கிற பாஸ்டரின் சொந்தக் கணக்குக்கு ஊழியத்துக்காக மாதம் 50 பவுண்டு அனுப்பலாமா?
(ஒரு தாயார், நாகர்கோவில்)

பதில்: வேண்டாம்மா. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பளத்தில் அனுப்புவது வேறு. குடியுரிமை மாறிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். 2010-ம் வருஷ வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதை வாங்க ஊழியத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து விழ வேண்டிய இடம் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி பிரதானக் கிளைக் கணக்கு. பதிவு பெற்ற இன்னொரு ஊழியம் வாங்கி இவருக்கு மாற்றிவிடுவதையும் அதே திருத்தம் தடுத்துவிட்டது. 50 பவுண்டுதானே என்று அனுப்பினால் மாட்டிக்கொள்வது உங்கள் மகன் இல்லை, பாஸ்டர்தான்.

கேள்வி: மெகாபோனும் கைப்பிரதிப் பையுமாகச் சந்தை சந்தையாகப் போகிறேன். வேறு வருமானம் இல்லை. காணிக்கையில் வீட்டுச் செலவுக்கு எடுப்பது தப்பா, ஐயா?
(ஒரு ஊழியர், தூத்துக்குடி)

பதில்: தப்பில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தாலே பிழைப்பு என்று 1 கொரிந்தியர் 9:14 இருக்கிறதே. தேவைப்படும்போதெல்லாம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான். உங்களைத் தாங்குகிற இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தொகை நோட்டின் முதல் வரியில் இருக்கட்டும். மெகாபோனுக்கு வாங்கும் பேட்டரி ஊழியச் செலவு, வீட்டு டார்ச்சுக்கு வாங்கும் பேட்டரி உங்கள் செலவு. ஒரே கடையில் வாங்கினாலும் பில்லை இரண்டாகக் கேளுங்கள்.