சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ படிக்கப் பழைய ராவுட்டர், சுவிட்ச் வாங்கணுமா, பாக்கெட் டிரேசர் என்கிற சிமுலேஷன் மென்பொருள் போதுமா?

கருவிகளை அடுக்கும் ராக் வேண்டாம். ராவுட்டர் ஒன்றுகூட வேண்டாம். ஒரே ஒரு பழைய சுவிட்ச், அதை லேப்டாப்போடு இணைத்துக் கட்டளை கொடுக்க ஒரு கன்சோல் கேபிள், கேபிள் முனையில் கனெக்டர் அடிக்க ஒரு கிரிம்பிங் டூல். அவ்வளவுதான். மிச்சப் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள். கட்டணம் 300 டாலர், வரி தனி. அது ஒன்றே, லேப் போட ஒதுக்கியிருப்பதாக நீங்கள் எழுதிய 20,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

தக்கலையில் இருக்கிறீர்கள், பி.எஸ்சி. முடித்தாயிற்று, வீட்டில் லேப் போட்டால்தான் வேலை கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், பயோடேட்டாவில் அதைப் போட்டால் எடுபடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் நாகர்கோவிலில் இருந்துகொண்டு களியக்காவிளை முதல் கன்னியாகுமரி வரை ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று நெட்வொர்க் வேலைக்கு அலைகிறவன். தேர்வுக்கு வேண்டியது ஒன்று, வேலைக்கு வேண்டியது இன்னொன்று. உங்கள் நண்பர்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறார்கள்.

முதலில் தேர்வு. 2020 பிப்ரவரியில் வந்த 200-301 தேர்வில் பெரிய பங்கு ஐபி கனெக்டிவிட்டிக்கு, 25 சதவீதம். நாமே கையால் எழுதிக் கொடுக்கும் பாதையான ஸ்டாட்டிக் ரூட், ராவுட்டர்கள் தமக்குள் பேசிப் பாதை கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் எல்லாம் அதில்தான். இது முழுக்க மென்பொருள் செய்கிற வேலை. கையில் இரும்புப் பெட்டி இருந்தால் கூடுதலாக ஒன்றும் புரிந்துவிடாது. ஓஎஸ்பிஎஃப் உருப்படியாகப் பழக வேண்டுமென்றால் மூன்று ராவுட்டராவது வேண்டும். சிஸ்கோவின் பழைய 1841 ராவுட்டர் மூன்று வாங்கினால், ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு ஃபாஸ்ட் ஈதர்நெட் போர்ட், ராத்திரி முழுக்க விசிறிச் சத்தம், அப்புறம் கரண்ட் பில். பாக்கெட் டிரேசரில் அதே மூன்று ராவுட்டரை இழுத்துப் போட்டு, ஒரு லிங்க்கை அழித்து, பாதை மாறுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

அதில் சிமுலேஷன் மோட் என்று ஒன்று உண்டு, தயவுசெய்து அதை விடாதீர்கள். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் ஒரு பிங் கிளம்பினால் முதலில் மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி போகிறது, பதில் வருகிறது, அதற்கப்புறம்தான் பிங்கின் செய்தியான ஐசிஎம்பி போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, பாக்கெட்டைத் திறந்து, எந்த மேக் முகவரி (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) மாறியது, எந்த ஐபி மாறாமல் இருக்கிறது என்று பார்க்கலாம். நிஜக் கருவியில் இதைப் பார்க்க போர்ட்டில் போவதை இன்னொரு போர்ட்டுக்கு மிரர் செய்து, பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் போட்டு உட்கார வேண்டும். பல வைஃபை பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து ஆளும் வயர்லெஸ் கன்ட்ரோலரும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. பாக்கெட் டிரேசரில் அதுவும் இருக்கும்போது காசு கொடுத்து வாங்குவது வீண். தேர்வில் வரும் லேப் கேள்விகளும் திரையில் ஓடுகிற சிமுலேஷன்தான்.

பாக்கெட் டிரேசருக்கு ஒரு குறை உண்டு. அது ஐஓஎஸ் (சிஸ்கோ கருவிகளை ஓட்டும் இயங்குதளம், ஐபோனுடையது அல்ல) அல்ல, ஐஓஎஸ் மாதிரி நடிக்கிற மென்பொருள். சில கமாண்டுகள் அதற்குத் தெரியாது. 'இன்வாலிட் இன்புட்' என்று வந்தால், நாம் தப்பாக அடித்தோமா, அதற்கே தெரியாதா என்று குழம்புவோம். அந்த இடத்தில் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்புக்குப் போங்கள். ஒரே சமயத்தில் 5 நோடு (ராவுட்டர், சுவிட்ச் போன்ற கருவி) ஓட்டலாம், ஓடுவது நிஜ ஐஓஎஸ். ஜிஎன்எஸ்3 என்கிற மென்பொருளும் நல்லதுதான், ஆனால் ஐஓஎஸ் இமேஜை, அதாவது ஐஓஎஸ் ஃபைலை, அது தராது, நாம்தான் கொண்டுவர வேண்டும். யாரோ டிரைவில் போட்டு வைத்ததை இறக்குவது லைசென்ஸ் மீறல். இன்னொன்று, ஜிஎன்எஸ்3-யின் பழைய டைனமிப்ஸ் எமுலேட்டர் வழியில் ராவுட்டரின் சிபியுவைத்தான் போலியாக உருவாக்க முடிந்தது. சுவிட்சுக்குள் இருக்கிற தனிச் சிப்பை முடியவில்லை. ஜிஎன்எஸ்3-யில் சுவிட்சிங் சரிவராது என்று பழைய ஆட்கள் சொல்வது அதனால்தான். லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான் என்றால் பாக்கெட் டிரேசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 16 ஜிபி ஆக்க முடியுமானால், சுவிட்ச் வாங்குவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள்.

அப்படியென்றால் சுவிட்ச் எதற்கு? பாக்கெட் டிரேசரில் கேபிள் என்பது ஒரு கோடு. அது பாதி கெட்டுப்போகாது.

குளச்சல் பக்கம் ஓர் அலுவலகம். மாடியில் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும் பில் போடுகிற சாஃப்ட்வேர் திணறுகிறது. "மக்கா, லைட்டு எல்லாம் எரியத்தான் செய்யுது, ஒண்ணும் நகர மாட்டேங்கு" என்கிறார் கவுன்டரில் இருந்த அக்கா. பிங் போகிறது, நடுநடுவே விட்டுவிடுகிறது. கேபிள் டெஸ்டரை மாட்டினால் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிகிறது. சுவிட்சில் 'ஷோ இன்டர்ஃபேஸ்' அடித்தால் சிஆர்சி எண்ணிக்கை, அதாவது வழியில் சிதைந்து வந்த ஃபிரேம்களின் கணக்கு, பார்க்கப் பார்க்க ஏறுகிறது. கனெக்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கேபிள் போட்டவர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கி, இரண்டு முனையிலும் அப்படியே அடித்திருக்கிறார். 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இங்கே 3 பச்சையில், 6 நீலத்தில். ஒரே ஜோடி முறுக்கிக்கொண்டு ஓடினால்தான் இரண்டு கம்பியிலும் ஏறும் இரைச்சல் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஜோடி பிரிந்தால் பக்கத்துக் கம்பியின் சிக்னல் உள்ளே புகுந்துவிடும். மேசைக்கு மேசை போகிற சின்ன கேபிளில் இது தெரியாமலே ஓடும், மாடி வரை இழுத்தால் படுத்துவிடும். மலிவு டெஸ்டர் கம்பி தொடர்ச்சியை மட்டும் பார்ப்பதால் 'சரி' என்று சொல்லிவிடும்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அதற்குத்தான் கிரிம்பிங் டூல். நீளமான கேபிள் ஒன்றை வேண்டுமென்றே இப்படி அடித்து, சுவிட்சில் மாட்டி, பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிக்கொண்டே சிஆர்சி எண்ணிக்கையைப் பாருங்கள். அப்புறம் ஒரு பக்கம் ஸ்பீடும் டூப்ளெக்ஸும் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்பலாமா என்பது) 100, ஃபுல் என்று கட்டாயப்படுத்தி, மறுபக்கத்தை ஆட்டோவில் விடுங்கள். அந்தப் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸில் போய் நிற்கும், லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் மோதல்) எண்ணிக்கை ஏறும். களத்தில் வருகிற புகாரில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

பழைய சுவிட்ச் வாங்குவதில் இன்னொரு லாபம், பெரும்பாலும் அது முந்தைய உரிமையாளரின் பாஸ்வேர்டோடுதான் வரும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 சுவிட்ச் என்றால் முன்பக்கம் இருக்கிற மோட் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் கொடுக்க வேண்டும். ஐஓஎஸ் ஏறுவதற்கு முன் ஓடும் பூட் லோடர் வந்ததும் ஃபிளாஷ் நினைவகத்தை எழுப்பி, கான்ஃபிக் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு பூட் செய்யுங்கள். ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கை அழித்த பிறகும் யாருடையவோ பழைய விலான்கள் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் பிரிவுகள்) அப்படியே நிற்கும். அவை விலான் டாட் டேட் என்ற தனி ஃபைலில் இருக்கின்றன. அதையும் அழியுங்கள். இதைச் செய்யாமல் ஒரு பழைய சுவிட்சை ஓடுகிற நெட்வொர்க்கில் மாட்டினால், சுவிட்சுகள் விலான் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் விடிபி-யின் டொமைன் பெயர் ஒத்துப்போய், பட்டியல் மாறும்போதெல்லாம் ஏறும் ரிவிஷன் எண்ணும் கூடுதலாக இருந்தால், அங்கே இருக்கிற விலான் பட்டியலையே மாற்றிவிடும்.

வாங்கும்போது கேட்டலிஸ்ட் 2960-யில் 8 போர்ட் மாடல் கிடைத்தால் விடாதீர்கள், விசிறி கிடையாது, சத்தம் வராது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பழைய சாமான் கழிக்கிற கல்லூரி, ஆபீஸ்களில் விசாரியுங்கள். கண்முன்னே பூட் செய்து காட்டச் சொல்லுங்கள். போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நம் ஊரில் முக்கியம். கடற்கரைப் பக்கம் ஓடிய சாதனமாக இருந்தால் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்திருக்கும். அதை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். ஐப்பசி இடி மழைக் காலத்தில் வேலை முடிந்ததும் பவரையும் கேபிளையும் கழற்றி வையுங்கள், மின்னல் போர்ட்டைத்தான் முதலில் தின்னும். புது லேப்டாப்பில் சீரியல் போர்ட் இருக்காது, யூஎஸ்பி கன்சோல் கேபிளாக வாங்குங்கள். கன்சோலைத் திறக்கும் புட்டி (PuTTY) மென்பொருளில் வேகம் 9600.

பயோடேட்டா பற்றி. திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஆனாலும் துபாய் ஆனாலும், 'ஹோம் லேப் உண்டு' என்கிற வரியில் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பாஸ்வேர்ட் தெரியாத 2960-ஐ மீட்டது, சிஆர்சி ஏறுவதை வைத்து கேபிள் கோளாறைப் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். எப்படிச் செய்தாய் என்று அங்கேயே கேட்பார்கள்.