ஷில்லாங்கின் கிதார்கள்

கேள்வி: ராக் இசை என்றாலே ஷில்லாங் என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது அங்கே?

பதில்: எண்பதுகளில் வங்கி வேலையாக ஷில்லாங்கின் லைதும்க்ரா பகுதியில் குடியிருந்தேன். மழை நாளில் தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் லெட் செப்பலின், அடுத்த வீட்டில் டீப் பர்ப்பிள் என்று ராக் குழுக்களின் பாட்டு. எல்லாம் தேய்ந்துபோன கேசட்டுகள். வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் 1841-இல் ஷில்லாங் இருக்கும் காசி (Khasi) மலைக்கு வந்ததிலிருந்தே சர்ச்சில் நாலு குரலில் பாடிப் பழகிய ஊர். அந்தப் பிள்ளைகள் கையில் கிதார் கிடைத்தால் சும்மா இருப்பார்களா?

அப்புறம் ஷில்லாங் ராக் பாடகர் லூ மஜாவ். அரை டவுசர், காலுக்கு ஒரு நிறத்தில் சாக்ஸ்! அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளான மே 24-ஐ 1972 முதல் பாடிக் கொண்டாடி வருகிறார். டிலனே இவ்வளவு அக்கறையாகக் கொண்டாடியிருப்பாரா, சந்தேகம்தான்.

ராக்குக்கு வேரான ப்ளூஸ் இசை பிடிக்குமென்றால் 2003-இல் ஷில்லாங்கில் தொடங்கிய சோல்மேட் குழுவைக் கேளுங்கள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை நான் சமாளிக்க மாட்டேன்.