தொடங்கியவரே விட்டுப் போனாரா?

கேள்வி: ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளை உருவாக்கியவரே அதிலிருந்து விலகிவிட்டாராமே? பதிவுக்கு ஒருமுறை எக்கோ (எதிரொலி) போட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது என்ற குறைதான் காரணமா?

பதில்: இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். டொமினிக் மஸோனி 1999-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, ரோஜர் டானன்பெர்க்குடன் சேர்ந்து தொடங்கிய வேலை அது. மாணவர் படிப்பை முடித்து வேறு வேலைக்குப் போவதில் என்ன அதிசயம்? அதன் சோர்ஸ் கோடு (மூல நிரல்) எல்லாருக்கும் திறந்தே கிடந்தது, தன்னார்வலர்கள் எடுத்து நடத்தினார்கள்.

குறை உண்மைதான். ஆனால் அன்றைய கம்ப்யூட்டருக்கு அது கெட்டிக்கார ஏற்பாடு. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக டிஸ்க்கில் வைத்ததால், ஒரு மணி நேரப் பதிவின் நடுவில் பத்து விநாடியை வெட்டினாலும் முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. எக்கோ மாதிரி எஃபெக்டோ அந்தத் துண்டுகளுக்குப் பதிலாகப் புதுத் துண்டுகளையே எழுதிவிடும். குழம்பில் கரைந்த உப்புதான். புராஜெக்ட்டை மூடும்வரை, செய்ததை மாற்றிக்கொள்ள அன்டூ உண்டு, மூடித் திறந்தால் அதுவும் போச்சு. வேண்டும்போது நிறுத்திப் போடக்கூடிய எஃபெக்ட் 2022-ல் 3.2 பதிப்பில்தான் வந்தது, ரொம்பத் தாமதம் என்பேன்.

2021-ல் ஆடாசிட்டி, இசை மென்பொருள் நிறுவனமான மியூஸ் குரூப் கைக்குப் போனபோது, பயன்பாட்டுத் தகவல் சேகரிக்கும் திட்டத்தால் கோபப்பட்டுச் சிலர் அந்த மூல நிரலை எடுத்துக்கொண்டு டெனாசிட்டி என்று தனியே கிளம்பியது வேறு கதை.

பழைய ஆடாசிட்டியில் ஏயூபி (.aup) கோப்பாகச் சேமித்த புராஜெக்ட் வைத்திருந்தால், அதன் டேட்டா ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள், ஒலியெல்லாம் அதில்தான் இருக்கிறது.