பழைய காரில் சென்சார் கோளாறு: கேளுங்கள், சொல்கிறேன்

வேலூர் சத்துவாச்சாரியில் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய பெட்ரோல் எம்பிஎஃப்ஐ கார்கள்தான் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர், பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர்) அதிகம் வரும். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் சென்சார் பற்றியவை. நல்ல மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். ஒரு சென்சார் விலைகூட ஆகாது.

காட்பாடியிலிருந்து: அண்ணே, 2004 மாடல் பெட்ரோல் கார். மத்தியான வெயிலில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டினால் சட்டென்று ஆஃப் ஆகிறது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் பம்ப் மாற்றியும் தீரவில்லை.

தம்பி, ஆறிப்போன வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் எந்த மெக்கானிக்குக்கும் ஒன்றும் தெரியாது. நின்ற இடத்திலேயே, சூடு இறங்கும் முன் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு விநாடி உறுமுகிறதா? உறுமினால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். அப்புறம் ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் இரண்டைப் பார்க்க வேண்டும்: பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா, இன்ஜெக்டர் கப்ளரில் (பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு வரும் ஒயர் இணைப்பு) டெஸ்ட் லைட் மினுக்குகிறதா. ஸ்பார்க் மட்டும் இல்லையென்றால் அதை உண்டாக்கும் காயில், இக்னைட்டர் பக்கம் போங்கள். இரண்டுமே இருந்தால் பெட்ரோல் பிரஷரைப் பாருங்கள். இரண்டுமே இல்லையென்றால் கிராங்க் சென்சார் மேல்தான் என் சந்தேகம். எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியே கம்ப்யூட்டருக்குப் போகவில்லை.

அந்த சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியை அதன் மேல் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் ஆள் அகப்பட்டான். இரண்டு ஒயர் சென்சார் என்றால் சூட்டிலும் ஆறிய பிறகும் ஓம் அளந்து பாருங்கள். சூட்டில் மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால் போய்விட்டது. மூன்று ஒயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை (சுருளுக்குப் பதில் எலக்ட்ரானிக் சிப்), அதை ஓமில் அளந்து பயனில்லை. ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பல பழைய வண்டிகளில் இந்த வேலையைச் செய்யும் சென்சார் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும், வெளியில் தேடாதீர்கள்.

ஆம்பூரிலிருந்து: மைலேஜ் 16-லிருந்து 11-க்கு வந்துவிட்டது. பிளக் கறுப்பாக இருக்கிறது. டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டது என்கிறார்கள். ஆனால் மீட்டர் முள் கீழேதான் நிற்கிறது, வண்டி சூடாவதே இல்லை.

சூடாவதே இல்லை என்று சந்தோஷப்படாதீர்கள் சார், அதுதான் நோயே. நம் பக்கம் வெயிலுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறியும் கெட்ட பழக்கம் இருக்கிறது. பழைய ஓனர் எறிந்திருப்பார். எஞ்சின் 80 டிகிரியைத் தொடாவிட்டால், இன்னும் வார்ம்-அப் ஆகவில்லை என்று கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. முதலில் தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால், இரண்டு ஒயர் போகும் சென்சாரை அளக்கவும். மீட்டர் முள்ளுக்குப் பல வண்டிகளில் தனி சென்சார், அதற்கு ஒரே ஒயர். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் 2500 ஓம் பக்கமும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கமும் காட்டும். மே மாத ஆம்பூரில் 20 டிகிரிக்கு எங்கே போவது? காலை 30 டிகிரியில் 1700 பக்கம் வந்தால் போதும். இன்னொன்று, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து சென்சார் முனையை மூடிவிடும். கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், வேறெதுவும் வேண்டாம்.

ராணிப்பேட்டையிலிருந்து: ஆன்லைனில் புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். என் 2006 வண்டியில் கனெக்ட் ஆகவே மாட்டேன் என்கிறது.

ஆகாது. ஓபிடி 2 (ஸ்கேனரோடு வண்டி பேசும் பொது முறை) இங்கே கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும் பேசும் மொழி வேறாக இருக்கலாம்.

ஆற்காட்டிலிருந்து: அண்ணா, லீன் என்று கோட் வந்ததால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். பத்து நாளில் அதே கோட் மறுபடியும் வந்துவிட்டது. புது சென்சாரும் டூப்ளிகேட்டா?

இல்லை தங்கச்சி, பழையதும் நல்லதாகவே இருந்திருக்கும். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, காற்று அதிகம், பெட்ரோல் குறைவு (அதுதான் லீன்) என்று அது சொன்னது, சொன்னதற்காக அதையே மாற்றிவிட்டார்கள். எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக்கின் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஓஸ் இவற்றில் எங்கோ காற்று இழுக்கிறது. ஐட்லிங்கில் ஓஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கச் சொல்லுங்கள், எதை அமுக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கே தேடணும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் ஓட்டை இருந்தாலும் இதே கோட் வரும். எஞ்சின் சூடான பின் சென்சார் ஒயரில் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது உயிரோடு இருக்கிறது. சாதாரண சிலிகான் பேஸ்ட்டை இன்டேக் பக்கம் பூச விடாதீர்கள். அந்த ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கொன்றுவிடும்.

திருப்பத்தூரிலிருந்து: ஏலகிரி ஏறும்போது பிக்கப் இல்லை. மேப் சென்சாரா?

மேப் என்பது இன்டேக்கில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார். மலை மேலே காற்றழுத்தம் பத்து சதவீதம் போலக் குறையும், பிக்கப்பும் அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும். தரையிலும் இழுக்காமல் கறுப்புப் புகை வந்தால் மட்டும் மேப் சென்சாரின் ரப்பர் ஓஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி ஆனில் 4 வோல்ட் பக்கம், ஐட்லிங்கில் 1 முதல் 1.5 வோல்ட் வர வேண்டும்.

ஆரணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, செக் எஞ்சின் விளக்கு மழை நாளில் மட்டும் எரிகிறது.

ஐயா, சென்சார் எதையும் வாங்காதீர்கள். கப்ளர்களைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் சுரண்டி முறுக்கச் சொல்லுங்கள். பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மீட்டரை வைத்து செல்ஃப் அடித்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

குடியாத்தத்திலிருந்து: காயலாங்கடையில் சென்சார் வாங்கலாமா?

த்ராட்டில் சென்சார் (ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது காற்று வழி எவ்வளவு திறக்கிறது என்று சொல்வது), மேப் சென்சார் வாங்கலாம், வோல்ட் பார்த்துவிட்டு. கிராங்க், ஆக்சிஜன் இரண்டும் வேண்டாம். எதை வாங்கினாலும் கப்ளரை ஒரு சாண் ஒயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். கடையில் கப்ளர் தனியாகக் கிடைப்பது கஷ்டம்.