அந்த அக்கா ஏன் டீ குடிப்பதில்லை?

கேள்வி: எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துக் கட்டுகிறோம். பன்னிரண்டு நாள் வேலை. மேஸ்திரி, ஒரு கொத்தனார், டைல்ஸ் ஒட்டும் தம்பி, சித்தாளாக ஒரு அக்கா என்று நாலு பேர் வருகிறார்கள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் காலையிலும் மாலையிலும் டீ போட்டுக் கொடுக்கிறேன். "டீயும் வடையும் கொடுத்துப் பழக்கினால் வேலை ஒரு மாசம் இழுக்கும்" என்கிறார் அத்தை. அவர்களுக்கென்று நாலு பழைய எவர்சில்வர் டம்ளரைக் கொல்லைச் சுவரில் தனியாக வைத்திருக்கிறார். எனக்கு அது உறுத்துகிறது. பேப்பர் கப் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார் கணவர். முந்தாநாள் பிளம்பருக்குத் தோசை வார்த்துக் கொடுத்தேன், தொடவே இல்லை. அந்த அக்காவோ டீயைக்கூட வாங்குவதில்லை. "பழக்கமில்லம்மா" என்று சொல்லிவிடுகிறார். நான் ஏதாவது தப்பாக நடந்துகொள்கிறேனா? கழிவறை கேட்டால் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. கொல்லையில் ஒன்று இருக்கிறது, பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறோம்.
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் டீயையும் டம்ளரையும் பற்றி நிறைய இருக்கிறது. கழிவறை கடைசியில்தான் வருகிறது, அதுவும் போகிற போக்கில். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் பலர் வேலை நேரத்தில் தண்ணீரையே அளந்துதான் குடிப்பார்கள். மேஸ்திரியும் கொத்தனாரும் அவசரமென்றால் தெருமுனை வரை போய்விட்டு வந்துவிடுவார்கள், ஒரு கருவேலமரத்து மறைவு போதும். அந்த அக்காவுக்கு அது முடியாது. காலை ஒன்பது மணிக்கு வந்தால் சாயங்காலம் ஐந்தரை, ஆறு வரை அடக்கிக்கொண்டுதான் இடித்த காரையையும் மணலையும் சட்டி சட்டியாகச் சுமக்க வேண்டும். டீ குடித்தால் பதினொன்றரைக்கு எங்கே போவது? நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் இவர்களுக்கு அடிக்கடி வருவது இதனால்தான்.

நேரில் பார்க்காமல் சொல்கிறேன், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் டீ பழக்கமே இல்லாத சித்தாளை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் தப்பாக நடந்துகொண்டதாகத் தெரியவில்லை. டீ கொடுத்தீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளில் யாருமே யோசிப்பதில்லை.

1996இல் கட்டுமானத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குடிநீரும் கழிவறையும் கொடுத்தாக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். பத்து லட்சம் ரூபாய்க்கு மிகாத சொந்த வீட்டு வேலைக்கு இது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதினார்கள். ஆக, நாலு பேர் வேலை பார்க்கும் உங்கள் குளியலறையைச் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த அக்கா உங்கள் வீட்டில் கட்டிக்கொண்டிருப்பதே ஒரு குளியலறை.

அந்தக் கொல்லைக் கழிவறையை என்ன செய்வதென்று கடைசியில் சொல்கிறேன். முதலில் டம்ளர்.

என் அப்பா வயரிங் வேலை பார்த்தவர். கோடை விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். ஏணியைப் பிடித்துக்கொள்வதும், கேட்கும்போது இன்சுலேஷன் டேப்பை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. ஒரு பெரிய வீட்டில் நாலு நாள் வேலை. நல்ல மனிதர்கள்தான், முதல் நாள் கேட்காமலேயே மோர் வந்தது. குடித்துவிட்டு டம்ளரை உள்ளே கொண்டுபோய் வைக்கப் போனேன். "அதை வெளியிலேயே வச்சிடு தம்பி" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, கொல்லைக் குழாயில் கழுவி, சுவர்மேல் கவிழ்த்து வைத்தார். வீடு திரும்பும்போது சைக்கிளில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தூக்குவாளியில் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுவந்தார். மிச்ச மூன்று நாளும் மோர் வந்தது. "வயிறு சரியில்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அதை நம்பியிருப்பார். உங்களுக்கு உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த உறுத்தல் சரியான உறுத்தல். ஓட்டலிலோ டீக்கடையிலோ அங்கே உள்ள பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்குக் கொடுக்க மறுத்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரட்டைக் குவளை வைத்த கடைகளை எதிர்த்து எத்தனையோ ஊர்களில் போராட்டம் நடந்திருக்கிறது. வீட்டுக் கொல்லைச் சுவரில் கவிழ்ந்திருக்கும் டம்ளரை யார் கேட்பது? உங்கள் அத்தை சாதியை நினைத்து வைத்தாரா, சிமெண்ட் கையை நினைத்து வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சுத்தம் என்றுதான் சொல்வார். குடிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அதற்காக வேலையாட்கள் முன்னால் அத்தையோடு வாக்குவாதம் வேண்டாம். அது அவர்களைத்தான் சங்கடப்படுத்தும். ஒரு டஜன் கண்ணாடி கிளாஸ் வாங்குங்கள், டீக்கடையில் இருக்குமே, அடியில் வரி வரியாக, அதே கிளாஸ். பழைய டம்ளர்களை எடுத்துப் பரணில் போட்டுவிடுங்கள். அந்தக் கிளாஸிலேயே நீங்களும் குடியுங்கள், கணவருக்கும் கொடுங்கள், அத்தைக்கும் கொடுங்கள். எல்லாம் ஒரே தொட்டியில் கழுவட்டும். இரண்டே நாளில் எது யாருடையது என்ற பேச்சே இருக்காது. இன்னொன்றும் உண்டு. சிமெண்ட் பட்டுத் தோல் வெடித்த விரலில் கொதிக்கும் எவர்சில்வர் டம்ளரைப் பிடிப்பது தனி வேதனை. டீ கொண்டுபோவதற்கு முன் ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் வைத்தால் அத்தையின் சுத்தக் கவலையும் தீரும். சாயங்காலம் வேலை முடிந்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொடுத்துப் பாருங்கள், மேஸ்திரி முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

உங்கள் கணவரின் பேப்பர் கப் யோசனை அத்தையின் டம்ளரைவிட நாசூக்கானது, வேலை என்னவோ அதேதான். குடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம் என்றால், அவர் வாய் வைத்தது நம் வீட்டில் தங்காது என்றுதானே பொருள்? ஆபீஸில் எல்லாரும் பேப்பர் கப்பில் குடிப்பது வேறு, வீட்டில் நாம் டம்ளரிலும் அவர்கள் கப்பிலும் குடிப்பது வேறு. போதாததற்கு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கடையில் கிடைக்கிறதே என்பார். கிடைக்கிறதுதான்.

சரி, அத்தையின் அடுத்த கவலை, வேலை இழுத்துவிடும் என்பது. இதற்கு அவர் பாஷையிலேயே கணக்குச் சொல்லுங்கள். டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாலு பேருக்கு இரண்டு வேளை டீயும் ஒரு வேளை வடையும் நாளைக்கு 160 ரூபாய். பன்னிரண்டு நாளைக்கு 1,920. வீட்டில் போட்டால் இன்னும் குறையும். வீட்டில் டீ வந்தால் பத்து நிமிடத்தில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கடைக்கு என்று வண்டியை எடுத்தால் போக, நிற்க, ஒரு பீடி பிடிக்க, வர என்று அரை மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

இந்தக் கணக்கு அத்தைக்கு மட்டும்தான். நீங்கள் இதை நம்பி டீ போடாதீர்கள், அப்புறம் அவர்கள் கடைக்குப் போனால் கோபம் வரும். கடைக்குப் போக விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். என் அப்பாவே அப்படித்தான். வீட்டு டீ என்றால் வீட்டுக்காரர் நிற்பார், "எப்ப முடியும்?" என்று பேச்சு வேலையிலேயே சுற்றும். கடையில் அந்த இருபது நிமிடம் யாருடைய கண்ணும் மேலே இல்லை. அதனால் மேஸ்திரியிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "டீ இங்கேயே போடட்டுமா, இல்ல காசா கொடுத்துடட்டுமா?" கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. வேலை பேசும்போதே 'டீ உங்க பொறுப்பா, எங்க பொறுப்பா' என்று பேசி முடிக்கிற மேஸ்திரிகள் உண்டு. வீட்டில்தான் என்றால் டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். மண் சுமக்கிறவர்களுக்கு நம் வீட்டுப் பால்-டீ டீயே அல்ல. சர்க்கரையைத் தனியாகக் கொண்டுபோங்கள், மேஸ்திரி வயதில் பலருக்குச் சுகர். அக்னி நட்சத்திர வெயிலில் நாலு மணிக்கு டீயைவிட உப்புப் போட்ட நீர்மோர் மேல். டைல்ஸ் தம்பி பீகாரோ ஒடிசாவோ என்றால் நீர்மோரில் கறிவேப்பிலையைப் பார்த்து முழிக்கக்கூடும், "சாய்" என்றால் சிரித்துவிடுவார்.

கூப்பிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது வயது தாண்டிய கொத்தனாரை வீட்டில் யாராவது "ஏம்ப்பா, இங்க வா" என்று கூப்பிட்டால், அப்புறம் எந்தக் கிளாஸில் டீ கொடுத்தும் பயனில்லை. நீங்கள் சித்தாளை 'அக்கா' என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிளம்பர் தோசையைத் தொடாததற்கு மனம் வருந்தாதீர்கள். கழிவுநீர்க் குழாயில் கை விட்டிருந்தவருக்கு நடுவில் சாப்பாடு இறங்காது. மாலை போட்டிருந்தால் கண்ட இடத்தில் சாப்பிட மாட்டார். நோன்பாக இருக்கலாம். வீட்டுக்காரர் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டால் கூலியில் கறாராகப் பேச முடியாது என்று ஒதுங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் நாம்தான். தினமும் டீ கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது "எல்லாம் பார்த்துத்தானே செஞ்சோம், ஐநூறு குறைச்சுக்கங்க" என்று இழுக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்வதானால் டீயே வேண்டாம், முழுக் கூலியைக் கொடுங்கள் போதும். ஒரு தடவை கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முந்தின நாள் மீந்த குழம்பைச் சூடு பண்ணிக் கொடுப்பதாக இருந்தால் அந்த ஒரு தடவையும் கேட்காதீர்கள். ஆப்பில் வரவழைத்து ஒரு மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவருக்கு ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் போதும்.

கட்டட ஆட்கள் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவருவார்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் சமையல் அல்ல, உட்கார நிழலான இடம். வராந்தாவில் ஃபேன் இருந்தால் போட்டுவிடுங்கள். குடிக்கத் தண்ணீர், கை கழுவ இடம், ஒரு கிண்ணத்தில் ஊறுகாய். சாப்பிட்டதும் காலி சிமெண்ட் சாக்கை விரித்து அரை மணி நேரம் கண்ணயர்வார்கள். அப்போது போய் டைல்ஸ் கலர் பற்றிச் சந்தேகம் கேட்காதீர்கள். உங்கள் மீட்டிங்குக்கு நடுவில் யாராவது வந்து கேட்டால் நீங்கள் விடுவீர்களா?

இப்போது கொல்லைக் கழிவறை. உள் கழிவறையைத் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்கள் படுக்கையறை தாண்டிப் போவதில் தயக்கம் இருப்பது இயல்பு, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொல்லையில் ஒன்று இருந்தும் அதில் உடைந்த மிக்ஸியும் பழைய பேப்பரும் குடியிருப்பதுதான் இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்காது. நீங்களும் கணவருமாகச் சாமானை ஒழித்துவிட்டுக் கழுவிவிடுங்கள். ஒரு பல்பு, ஒரு பக்கெட், ஒரு மக், சோப்பு, மூடி போட்ட ஒரு சின்னக் குப்பைக்கூடை. கூடை எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேட்க மாட்டார், வாயே வராது. மேஸ்திரி மூலமாகவும் சொல்லி அனுப்பாதீர்கள், மற்ற ஆண்கள் முன்னால் அவர் கூனிக் குறுகிப் போவார். திங்கட்கிழமை காலை அவர் சட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னால், தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, பாத்ரூம் இங்க இருக்கு, எப்ப வேணும்னாலும் போங்க" என்று கதவைத் திறந்து காட்டிவிடுங்கள். பதினொரு மணிக்கு ஐந்தாவது கிளாஸையும் சேர்த்து எடுத்துப் போங்கள், உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

அதற்கு முன் அந்தக் கதவின் தாழ்ப்பாளை உள்ளே நின்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இத்தனை வருடம் சாமான் அறையாகக் கிடந்த இடம், தாழ்ப்பாள் துருப்பிடித்து மாட்டாமல் நிற்கும். புதுத் தாழ்ப்பாள் ஒன்றை ஞாயிற்றுக்கிழமையே வாங்கி வந்து கணவரை மாட்டச் சொல்லுங்கள். பேப்பர் கப் காசு மிச்சம்தானே.