ஆற்றில் ஜேசிபியை இறக்குவதற்கு முன்

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டி ஒரு சிற்றாறு இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும்தான் தண்ணீர் வரும். கரை முழுக்கச் சீமைக்கருவேலம், தேங்கிய இடமெல்லாம் ஆகாயத்தாமரை. சுமார் 200 வீடுகளின் சாக்கடை ஆற்றில்தான் விழுகிறது. இளைஞர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம், ஒரு வாரத்துக்கு ஜேசிபி கிடைக்கும். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: சாக்கடையிலிருந்து தொடங்குங்கள். ஜேசிபிக்கு இப்போது வேலை இல்லை. ஆகாயத்தாமரை வளர்வது சாக்கடை கொண்டுவரும் சத்தில். தகுந்த சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. கழிவுநீரை நிறுத்தாமல் செடியை மட்டும் வாரினால் அடுத்த மழைக்குள் மறுபடி மூடிவிடும், திரட்டிய பணமும் போய்விடும்.

முதலில் அளந்து பாருங்கள். சாக்கடை விழும் இடத்தில் 10 லிட்டர் வாளியை வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று குறியுங்கள். 20 விநாடி என்றால் நாளுக்கு 43,200 லிட்டர். காலையில் அதிகமாகவும் நடுப்பகலில் குறைவாகவும் வரும் என்பதால், ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள். கணக்கிலும் சரிபார்க்கலாம். 200 வீட்டில் 800 பேர், ஆளுக்கு 55 லிட்டர் புழக்கம், அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடைக்கு வரும் என்றால் சுமார் 35,000 லிட்டர். அளவு இதைவிட மிக அதிகமாக இருந்தால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது, அல்லது வேறு கழிவும் கலக்கிறது.

அந்த ‘வேறு கழிவை’ டிடிஎஸ் மீட்டர், அதாவது நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி, காட்டிக்கொடுக்கும். வீட்டுப் புழக்கம் குடிநீரின் உப்பளவை லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம்தான் கூட்டும். ஆயிரக்கணக்கில் ஏறினால் தொழிற்கழிவு என்று சந்தேகியுங்கள். கரைந்த உப்பை எந்தச் செடியும் வடிகட்டாது. நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணை வரை போய்த் தேங்கி, அதை நம்பிய விவசாயத்தைக் கெடுத்தது இப்படித்தான். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. அப்படிப்பட்ட கழிவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் கொண்டுபோங்கள்.

வீட்டுக் கழிவுதான் என்று உறுதியானால் இரண்டு கட்டமாகச் சுத்திகரிக்கலாம். முதலில் மூடிய தொட்டி. ஒன்றரை நாள் கழிவுநீரைத் தாங்க, உங்கள் ஊருக்கு ஏறக்குறைய 55,000 லிட்டர் கொள்ளளவு தேவை. தடுப்புச் சுவர்கள் வைத்து, ஒவ்வொரு அறையிலும் நீர் அடிவரை இறங்கி மேலேறிப் போகும்படி கட்டுங்கள். அடுத்தது சரளைப் படுகை. ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் வீதம் 800 சதுர மீட்டர், அதாவது சுமார் 20 சென்ட். ஆழம் 60 செ.மீ. நீர் நுழையும், வெளியேறும் ஓரங்களில் 50–80 மி.மீ. கல், நடுவில் 10–20 மி.மீ. ஜல்லி. கல்வாழை, சம்பு, கோரை நடலாம். நீர்மட்டம் ஜல்லிக்கு 5 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். மேலே தெரிந்தால் கொசுப்பண்ணைதான்.

இந்த அமைப்பு பெரும்பாலும் கெடுவது மூன்று வழிகளில். மழைநீர் வடிகாலும் இதே வாய்க்காலில் வந்தால், ஒரே மழையில் தொட்டியின் அடியில் படிந்த மண்டி முழுவதும் படுகைக்கு அடித்துப் போய் அடைத்துவிடும். அதனால் தொட்டிக்கு முன்பே உபரிநீர் வழிந்தோடத் தனி வழி வையுங்கள். தொட்டியின் மண்டியை ஆண்டுக்கொருமுறை அளந்து பார்த்து, இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்காவிட்டாலும் இதே கதிதான். வெள்ளம் ஏறும் மட்டத்துக்குக் கீழே கட்டினால் முதல் பெருவெள்ளமே ஜல்லியை வண்டலால் மூடிவிடும்.

அடுத்து கரை. சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் தூர் பல கிளையாகத் துளிர்க்கும். சமதளத்தில் ஜேசிபியால், தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தோடு பிடுங்குங்கள், ஜேசிபிக்கு உரிய இடம் இதுதான். செங்குத்தான கரையில் வேரோடு பிடுங்கினால் கரையே சரியும். அங்கே கரையின் ஒரு பகுதி விட்டு ஒரு பகுதியில் மேல்மரத்தை மட்டும் வெட்டி, இடையில் வெட்டிவேர், நாணல், நீர்மருது, புங்கன், நாவல், அத்தி நட்டு, அவை வேர்பிடித்த பிறகு மீதியை எடுங்கள். வெட்டும் வேலை தை முதல் வைகாசிக்குள், நடவு வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன். மண்ணில் கிடக்கும் சீமைக்கருவேல விதைகள் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். மூன்று ஆண்டுகளாவது கையால் பிடுங்க ஆள் வேண்டும். ஆகாயத்தாமரையைப் பூக்கும் முன் வாரி, வெள்ளம் தொடாத மேட்டில் மட்கவிடுங்கள்.

ஆற்றின் தரையைத் தோண்டி நேராக்கவே கூடாது. ஒரு கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழ மணலில் ஐந்தில் ஒரு பங்கு நீர் நின்றாலே 60 லட்சம் லிட்டர். பக்கத்துக் கிணறுகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. மடுக்களையும் தூர்க்காதீர்கள். கோடையில் மீன் உயிர்பிழைக்கும் இடம் அதுதான். சாக்கடை வாயில் படிந்த கறுப்புச் சேற்றை மட்டும் வழித்து எடுங்கள்.

நீர்வரத்தை மேலே இருந்துதான் கூட்ட முடியும். ஆற்றில் சேரும் ஓடைகளில் ஒரு மீட்டருக்கு மேற்படாத கல்தடுப்புகள் போதும். கீழ்த்தடுப்பின் உச்சி மேல்தடுப்பின் அடிக்கு நேராக வர வேண்டும். 5 சதவீதச் சரிவில் 20 மீட்டருக்கு ஒன்று. நடுப்பகுதியைத் தாழ்த்தி, இரு முனையையும் கரைக்குள் அரை மீட்டர் புதையுங்கள், இல்லாவிட்டால் நீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு போகும். வேலூர் மாவட்டத்து நாகநதியில் நூறு நாள் வேலைத் திட்டத்தின்கீழ் பெண்கள் கட்டிய, மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் நீர்செறிவுக் கிணறுகளையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எதையும் தொடங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டு (ஊர் நிலங்களின் விவரப் பதிவேடு) நகலும் வாங்கி ஆற்றுப் புறம்போக்கின் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர்வளத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி கட்டாயம்.

பலனைச் சோதிக்க, விடியும் நேரத்தில் தண்ணீர் எடுங்கள். ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் வேளை அது. லிட்டருக்கு ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருப்பது குளிக்கத் தகுந்த நீருக்கான அளவுகளில் முக்கியமானவை. ஓடும் நீரில் கல்லைப் புரட்டியும் பாருங்கள். வாலில் மூன்று இழை கொண்ட சிறுபூச்சிகள் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. சுத்திகரிப்பு நடந்தும் சேற்றில் சிவப்பு இரத்தப்புழுக்கள் மட்டுமே நெளிந்தால், நீங்கள் கணக்கில் எடுக்காத இன்னொரு சாக்கடை வாய் மேலே எங்கோ இருக்கிறது. கரையோரமாக நடந்து தேடுங்கள்.