முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளைக்கு ஒப்பரேஷன்: கொழும்பிலா, வெளிநாட்டிலா?

ஸ்பைனா பிஃபிடா என்றால் முதுகெலும்பு ஓரிடத்தில் மூடாமல் விட்டுப்போவது. கருத்தரித்து 28 நாளுக்குள், பல தாய்மாருக்குப் பிள்ளை தங்கியதே தெரியாத நேரத்தில், இது நடந்துவிடும்.

கடுமையான வகையில் நரம்புகள் மெல்லிய நீர்ப்பைபோல முதுகில் பிதுங்கி நிற்கும். கிருமி ஏறாமலிருக்க, பிறந்து இரண்டு மூன்று நாளுக்குள் உள்ளே வைத்துத் தைத்து மூடுவார்கள். உறை கிழிந்த வயருக்கு டேப் சுற்றுகிறோமே, அதுபோலத்தான். மேலும் பழுதாகாது, ஆனால் உள்ளே அறுந்த செம்புக்கம்பி ஒட்டாது. அப்புறம் பலருக்கு மூளையில் நீர் தேங்கும். அதை வயிற்றுக்கு இறக்க ஒரு குழாய் வைப்பார்கள்.

கொழும்பில் முதலில் கேட்க வேண்டிய இடம் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. சில வெளிநாடுகளில் கருவிலேயே, பெரும்பாலும் 26 வாரத்துக்கு முன், மூடுகிறார்கள். பிறந்துவிட்ட பிள்ளைக்கு அந்த வழி இல்லை. நரம்பு பழுதாகிப் பலவீனமான காலும் ‘வெளிநாட்டில் செய்தால் சரியாகிவிடும்’ என்பார்கள்; எங்கே மூடினாலும் செத்த நரம்பு திரும்பாது.